திடலில் வளர்ந்த திறனாய்வு

மலேசியத் தமிழ் இலக்கியத் திறனாய்வின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நாளிதழ்களிலிருந்தே தொடங்குவர். 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, அதனையடுத்துத் தமிழ் முரசில் நடைபெற்ற ரசனை வகுப்பு, 1953 முதல் 1957 வரை தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமி கூட்டிய இலக்கியச் சந்திப்புகள் ஆகியன முறையாகவே போற்றப்படுகின்றன. ஆயின் இவற்றுள் இடம்பெறுவதற்கு எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல் முதல் தகுதியாக இருந்தது. அதே ஆண்டுகளில் பேரா மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் வேறொரு ரசனை வகுப்பும் நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஆசிரியர் இல்லை. வருகைப் பதிவேடு இல்லை. அதன் கட்டுரைகள் எவ்விதழிலும் அச்சேறவில்லை. படம் பார்த்த மறுநாள் விடியற்காலையில், பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படுவதற்கு முன்னரே அது கூடிவிடும்.

பார்த்த படத்தைப் பற்றிப் பேசுவதையும் ஒரு வரலாறாகக் கொள்ளலாமோ என்று ஐயுறுவார் உளர். தமிழ் பேசும் படத்தின் பிறப்பையும் மலாயாத் தமிழரின் நிலையையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின் அவ்வையம் அகலும். தமிழின் முதற் பேசும் படமாகிய காளிதாஸ் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னையில் வெளிவந்தது. மலாயாத் தோட்டங்களுக்கு உதவி பெற்றுத் தொழிலாளர் வருவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம் ஏழாண்டுகளே. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் வாயிலாக ஊர்ச் செய்தியையும் ஊர்ப் பேச்சையும் கேட்டுப் பழகிய மக்களுக்கு அவ்வாயில் அடைபட்டது. அந்த வேளையில்தான் பேசும் படம் என்னும் புதிய வாயில் திறந்தது. ஆட்களின் வரவு நின்ற இடத்தில் குரல்களின் வரவு தொடங்கியது. வந்த குரலைக் கேட்டு வாளா இருந்துவிடாமல் அதனோடு வாதிடவும் மக்கள் முற்பட்டது இயல்பேயாகும்.

பேராவில் அன்று இருவகை அரங்குகள் இருந்தன. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்தால் வளர்ந்த ஈப்போ நகரில் நிலையான திரையரங்குகளும் ஜூபிலி பார்க் போன்ற பொழுதுபோக்குப் பூங்காவும் அமைந்திருந்தன. சீனப் படமும் மலாய்ப் படமும் ஆங்கிலப் படமும் ஓடிய நகரில் தமிழ்ப் படத்திற்கும் ஓர் இடம் கிட்டியது. 1939ஆம் ஆண்டளவில் மலாயா, சிங்கப்பூர், சயாம், இந்தோனேசியா, இந்தோசீனம் ஆகிய பகுதிகளில் நூற்றுக்கு மேற்பட்ட அரங்குகளை நடத்திய ஷா சகோதரர்கள் தொடக்கத்தில் சிற்றூர்தோறும் சுற்றித் திறந்தவெளியில் படங்காட்டியவர்களே. அவ்வழக்கத்தின் தொடர்ச்சியே தோட்டத்துத் திடற்படம்.

இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி இழுத்துக் கட்டப்படும். சம்பள நாளை ஒட்டியோ, தீபாவளிக்கோ, மாரியம்மன் திருவிழாவிற்கோ படம் வரும். மின்சாரம் இல்லாத தோட்டங்களில் படக்காரரே மின்னாக்கப் பொறியையும் வண்டியில் ஏற்றி வருவார். பாயும் சாக்கும் விரித்து மக்கள் அந்தி மயங்கும் முன்னரே இடம் பிடித்துவிடுவர். இங்கு ஒரு தொழில்நுட்பச் செய்தி குறிப்பிடத்தக்கது. நகரத்து அரங்குகளில் இரண்டு பொறிகள் மாறி மாறி இயங்கியமையால் படம் இடையறாது ஓடும். திடலில் இருந்ததோ ஒரே பொறி. ஒரு சுருள் முடிந்து மறு சுருள் மாட்டும் வரை துணி வெறுமையாக நிற்கும். அந்தச் சில நிமிடங்களில் திடல் முழுவதும் பேச்சால் நிறையும். கதாநாயகி செய்தது சரியா, வில்லன் இனி என்ன செய்வான், இதே கதை முன்பு வேறு படத்தில் வரவில்லையா என்று கேள்விகள் எழும். படத்தின் நடுவிலேயே படத்தை ஆராயும் பழக்கத்தை அந்த ஒற்றைப் பொறி மக்களுக்குக் கற்பித்தது எனலாம்.

நகரில் ஓடி முடிந்த படமே தோட்டத்திற்கு வந்து சேரும். ஆதலால் ஈப்போவிற்கோ, 1982இல் தெலுக் இந்தான் எனப் பெயர் மாறிய தெலுக் ஆன்சனுக்கோ சென்று வந்த ஒருவர் படத்தை முதலில் பார்த்துவிட்டு வருவார். அவர் வாய்மொழியே தோட்டத்திற்கு முதல் விமரிசனம். கதையை முழுதும் சொல்லிச் சுவையைக் கெடுப்பவர், முக்கால் பங்கு சொல்லி நிறுத்துபவர், பாடல்களை மட்டும் பாடிக் காட்டுபவர் என அவருள்ளும் பல திறத்தார் இருந்தனர். அக்காலப் பாட்டுப் புத்தகங்களும் கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி, எஞ்சியதைத் திரையில் காணுமாறு கூறி முடிவது வழக்கம். எழுத்தறிந்த ஒருவர் அதனை வாசிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்பர். பத்துக்குக் குறையாத பிள்ளைகள் உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்த போதிலும், அப்பள்ளிகளில் பல ஓர் ஆசிரியரோடும் ஓர் அறையோடும் நின்றன. அந்நிலையில் பாட்டுப் புத்தகம் பலருக்கு இரண்டாவது பாடநூலாயிற்று என்பது மிகையன்று. சென்னையிலிருந்து வந்த பேசும் படம், குண்டூசி ஆகிய இதழ்களும் கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து, லயத்து வீடுகளில் உலவின.

இரண்டாம் உலகப் போர் இவ்வகுப்பைக் கலைத்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டு செல்லப்பட்டுக் காட்டிலே மாண்டனர். இதனை நினைவிற்கொண்டு 1952இல் வெளிவந்த பராசக்தியை நோக்குதல் வேண்டும். தமிழகத்தில் அப்படம் கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலுக்காகவும், சிவாஜி கணேசனின் முதற் படம் என்பதற்காகவும், கோயிற் காட்சி எழுப்பிய பூசலுக்காகவும் பேசப்பட்டது. அதன் கதையோ இரங்கூனில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் தொடங்குகிறது. போர் மூள்கிறது, குடும்பம் சிதறுகிறது, பிறந்த மண்ணுக்குத் திரும்புவோரை அம்மண் ஏற்க மறுக்கிறது. பர்மாவின் எல்லையில் தந்தையையோ தமையனையோ பறிகொடுத்த தோட்ட மக்கள் அதனைத் தம் கதையின் ஒரு பகுதியாகவே கண்டிருப்பர். சென்னைத் திறனாய்வாளர் பெரிதாகக் கொள்ளாத முதற் பகுதி பேராக்காரருக்கு நெஞ்சைச் சுடும் பகுதியாக இருந்தது வியப்பன்று. ஒரே படம் கடல் கடந்தவுடன் வேறு படமாகிவிடுகிறது.

பராசக்தியை ஏற்கும் மண் இங்கு முன்னரே பண்பட்டிருந்தது என்பதும் மறத்தற்குரியதன்று. 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயா வந்தபொழுது, ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். அன்று மேடையில் கேட்ட கருத்துகள் இருபதாண்டுகளுக்குப் பின் வேலைக்காரியிலும் பராசக்தியிலும் பாத்திரங்களின் வாய்மொழியாக வெளிப்பட்டன. ஆதலின் படத்தைப் பற்றிய வாதம் பல இடங்களில் சாதியைப் பற்றிய வாதமாகவும், கோயிலைப் பற்றிய வாதமாகவும் திரும்பியது. கங்காணியின் முன்னிலையில் நேரே பேச இயலாத செய்திகளைப் படத்தின் மேல் ஏற்றிப் பேச முடிந்தது. இது அக்காலத் திரை விமரிசனம் செய்த அரிய பணி.

படம் பார்க்கத் திடலில் கூடுவதே அந்நாளில் எளிதாக இல்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராவின் சுங்கை சிப்புட்டில் தோட்ட அதிகாரிகளாகிய ஐரோப்பியர் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. தோட்டக் குடியிருப்புகள் பல ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலிக்குள் அடங்கின. இரவு ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. 1946இல் தோன்றிய மலாயாத் திரைப்படப் பிரிவின் செய்திப்படங்களை ஏற்றிக்கொண்டு அரசாங்க வண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் வந்தன. தமிழ் விளக்கவுரையோடு காட்டப்பட்ட அப்படங்களையும் மக்கள் பார்த்தனர். அரசாங்கம் சொன்னதை அப்படியே நம்பினரா என்பது வேறு கேள்வி. கதைப்படத்தை அலசிப் பழகிய கண், செய்திப்படத்தை மட்டும் அலசாமல் விட்டிருக்கும் என்று கொள்வதற்கில்லை.

இவ்வாயத்தார் படங்களுக்கு மதிப்பளித்த முறை ஆராயத்தக்கது. 1928இல் நியூயார்க் நகரின் டெய்லி நியூஸ் நாளிதழ் படங்களுக்கு நட்சத்திரக் குறி இடும் வழக்கத்தைத் தொடங்கியது. தமிழில் ஆனந்த விகடன் ஆசிரியர் விடைத்தாள் திருத்துவதுபோல் நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் இட்டது. 1977இல் வந்த 16 வயதினிலே படத்திற்கு அவ்விதழ் அளித்த 62.5 மதிப்பெண் இன்றுவரை இரசிகர்களால் நினைவுகூரப்படுகிறது. அடுத்த ஆண்டு வந்த முள்ளும் மலரும் 61 பெற்றது. முதல் வகுப்பில் தேறுவதே அருமையாக இருந்த அத்தேர்வின் கண்டிப்பைத் தமிழாசிரியர்கள் மெச்சக்கூடும்.

தோட்டத்து மதிப்பீட்டிற்கு எண் இல்லை, சொற்களே இருந்தன. சாமி படம், குடும்பப் படம், சண்டைப் படம், பாட்டுப் படம் என்று முதலில் இனம் பிரிப்பர். ஒவ்வோர் இனத்திற்கும் தனித்தனி அளவுகோல் உண்டு. சண்டைப் படத்தில் கண்ணீரை எதிர்பார்த்துக் குறை கூறுவது முறையன்று. ஒரு படத்தை எத்தனை முறை பார்த்தார்கள் என்பதும், படம் முடிந்த பின் எத்தனை நாள் அதனைப் பற்றிப் பேசினார்கள் என்பதும் உயர்ந்த மதிப்பெண்கள். கொடுத்த காசு வீண் என்பது முழுத் தோல்வி. பால் வெட்டுவோர் ஆளுக்கொரு நிரையாகப் பிரிந்து மரத்திற்கு மரம் நகர்கையில், இரு நிரைகளுக்கிடையே உரத்த குரலில் வாதம் தொடரும். மங்கு துடைத்துக் கோட்டில் பால் வழியச் செய்யும் கை ஒரு பக்கம். படத்தின் முடிவு நியாயமா என்று வழக்காடும் வாய் ஒரு பக்கம். பகல் நேரத்தில் ஸ்டோரில் பால் நிறுக்கக் காத்திருக்கும் வரிசையிலும், மாலையில் கள்ளுக்கடையிலும் வழக்கு மேன்முறையீட்டிற்குச் செல்லும்.

பெண்களின் மன்றம் பொதுக் குழாயடியில் கூடியது. அவர்களுடைய தீர்ப்பு பல வேளைகளில் ஆடவர் தீர்ப்பினும் நுண்ணியது. 1961இல் வந்த பாசமலரில் அண்ணன் தங்கை பாசத்தைக் கண்டு கண்ணீர் விட்டவர்களே, அந்தத் தங்கை கணவன் வீட்டிலும் அண்ணனிடத்திலும் பட்ட இருதலைத் துன்பத்திற்கு யார் பொறுப்பு என்றும் கேட்கக்கூடியவர்கள். அழுதல் வேறு, ஒப்புக்கொள்ளுதல் வேறு என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது. திரைப்படம் பெண்களை மயக்கிக் கெடுக்கிறது என்று மேடையேறி முழங்கிய ஆடவர் பலர், குழாயடிப் பக்கம் ஒருநாளும் செவி சாய்த்தவர் அல்லர்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் தொடங்கி எழுபதுகள் வரை நீண்ட எம். ஜி. ஆர். – சிவாஜி வழக்கு இம்மன்றத்தின் மிகப் பெரிய வழக்கு. அதனை வெறும் கட்சிச் சண்டை என்று ஒதுக்குவது பொருந்தாது. எம். ஜி. ஆர். இரசிகர் கதாநாயகன் என்ன செய்தான் என்று கேட்டனர். ஏழைக்கு உதவினானா, தாயைப் போற்றினானா, கொடியவனுக்கு அடங்காது நின்றானா என்பனவே அவர்தம் வினாக்கள். சிவாஜி இரசிகர் அதனை அவன் எவ்வாறு செய்தான் என்று கேட்டனர். குரல் எங்கே தாழ்ந்தது, கண் எங்கே சிவந்தது, நடை எப்படி மாறியது என்று எடுத்துக் காட்டினர். தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளின் பெயரை அறியாமலே அவற்றை அவர்கள் தேர்ந்து மதிப்பிட்டனர். பொருளா, புலப்படுத்தும் திறனா என்று இலக்கிய வகுப்பில் இன்றும் முடிவுறாத வினா, தோட்டத்தில் இரு நடிகர்களின் பெயரால் நடந்தது. மலாயா விடுதலை பெற்ற மறு ஆண்டாகிய 1958இல் நாடோடி மன்னன் வந்தது. எளியவன் ஒருவன் அரியணையில் அமர்ந்து சட்டம் இயற்றும் அக்கதையைக் குடியுரிமைத் தாளுக்காக அலைந்துகொண்டிருந்த மக்கள் வெறும் பொழுதுபோக்காக மட்டும் பார்த்திருக்க இயலாது. அடுத்த ஆண்டில் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் மறு தரப்பிற்கு வலிமை சேர்த்தது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி வழக்கில் புதிய சான்றாகச் சேர்க்கப்பட்டது.

தமிழாசிரியர்கள் இங்குச் சற்று நின்று எண்ணுதல் நலம். கட்டபொம்மனும் ஜாக்சனும் எதிர்நின்று பேசும் உரையாடலையும், பராசக்தியின் நீதிமன்ற உரையையும், மனோகராவின் அரசவை முழக்கத்தையும் பள்ளி விழாக்களில் மாணவர்கள் மனப்பாடமாகப் பேசி நடித்தனர். அடுக்குத் தொடரும் எதுகையும் மோனையும் நிறைந்த அந்நடை மிகையானது என்று பின்னாளில் குறை கூறப்பட்டது. கூறியதில் நியாயமும் உண்டு. எனினும், வீட்டில் கொச்சைத் தமிழும் வேலையிடத்தில் மலாய் கலந்த பேச்சும் மட்டுமே கேட்ட பிள்ளையின் செவியில் ழகரமும் ளகரமும் வேறுபட்டு ஒலித்தது திரையிலிருந்துதான். அதனை ஒலித்துப் பார்த்த நாவே பின்னர்ப் பேச்சுப் போட்டிக்கும் பட்டிமன்றத்திற்கும் சென்றது.

இம்மன்றம் கலைந்ததற்குப் படங்களின் தரத்தைக் காரணம் காட்டுவோர் உளர். அது முழு உண்மையன்று. கூடிய இடம் போயிற்று. விடுதலைக்குப் பின் பிரிட்டிஷ் உடைமையாக இருந்த தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார். அம்முயற்சி பலரைக் காத்தது. எல்லாரையும் காக்க அதனால் இயலவில்லை. 1969ஐ ஒட்டி வந்த வேலை உரிமச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதோர் வேலை இழந்தனர். இரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. பின்னர்ச் செம்பனையும் வீழ்ந்து வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயங்களை விட்டு நீங்கியோர் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளிலும் பிற நகரோரங்களிலும் குடியேறினர்.

தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் இந்நாட்டில் தொடங்கியது. முதலில் ஒரு வீட்டுப் பெட்டியின் முன் பல வீட்டார் கூடினர். அதுவரையில் மன்றம் உயிரோடிருந்தது. எண்பதுகளில் வீடியோ நாடா வந்தபின் அவரவர் படத்தை அவரவர் வீட்டிலேயே பார்த்தனர். வாடகைக்கு நாடா தரும் கடைக்காரரே புதிய திறனாய்வாளர் ஆனார். எந்த நாடா தேய்ந்திருக்கிறதோ அதுவே நல்ல படம். 1996இல் அஸ்ட்ரோ வழியே வானவில் வந்தது. படம் மிகுந்தது, ஒரே இரவில் ஒரே படத்தை ஓர் ஊரே பார்க்கும் நிலை அருகியது.

இத்தனை ஆண்டுகள் பிறர் கதையை மதிப்பிட்டவர்களுக்குத் தம் கதை திரையில் வர நெடுங்காலம் ஆயிற்று. 2005இல் தீபக் குமரன் மேனன் இயக்கிய செம்மண் சாலை, அறுபதுகளின் இரப்பர்த் தோட்டத்தையும் அங்கே மேற்படிப்பை விரும்பிய ஒரு பெண்ணையும் காட்டியது. அதில் சண்டையும் இல்லை, அடுக்கு வசனமும் இல்லை. தமிழகப் படத்தின் வேகத்திற்குப் பழகியவர்க்கு அது மெதுவாகத் தோன்றியது. லயத்தில் வளர்ந்தவர்க்கோ அந்த மெதுவே உண்மையாகப் பட்டது. 2016 ஜூலையில் பா. இரஞ்சித்தின் கபாலி வந்தபொழுது பழைய வழக்காடல் சில வாரங்களுக்கு மீண்டும் எழுந்தது. தோட்டத் தொழிலாளர் உரிமைக்காக எழுந்த ஒருவனை ரஜினிகாந்த் ஏற்று நடித்ததில் பெருமிதம் கொண்டோரும், குண்டர் கும்பல் கதைக்குள் மலேசியத் தமிழர் வாழ்வை அடக்கியதில் வருந்தினோரும் எதிரெதிர் நின்றனர். இந்நாட்டில் திரையிடப்பட்ட படியின் முடிவில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் வாசகம் சேர்க்கப்பட்டிருந்தமையால், தமிழகத்தார் பார்த்த முடிவும் இங்குள்ளோர் பார்த்த முடிவும் வேறாயின.

அதற்கு முன்னரே, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாளின் ஜகாட் வந்துவிட்டது. தீயவன் என்று பொருள்படும் மலாய்ச் சொல் தமிழர் நாவில் திரிந்த வடிவமே அதன் பெயர். தோட்டம் கைவிட்ட தலைமுறையின் பிள்ளையாகிய அப்போய் என்னும் சிறுவனையும், படிப்பொன்றே கரையேற்றும் என்று நம்பி அவனை அடித்து வளர்க்கும் தந்தையையும் அது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிறுத்திக் காட்டியது. மறு ஆண்டில் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அமையாத படங்களுக்குத் தனிப் பிரிவு வகுக்கப்பட்டதை எதிர்த்துத் திரைத்துறையினர் குரல் எழுப்பினர். ஒளிப்பதிவாளர் முகமது நோர் காசிம் தாம் பெற்றிருந்த விருதுகளைத் திருப்பி அளித்தார். பிரிவுகள் திருத்தியமைக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் மலேசியாவின் சிறந்த திரைப்படம் என்னும் விருது ஜகாட்டிற்கு வழங்கப்பட்டது. அவ்விருதினும் முந்தியது வீடுகளில் எழுந்த வழக்கு. அப்போயின் தந்தை அடித்தது அன்பினாலா, தான் பட்ட தோல்வியினாலா என்று, தாமும் அவ்வாறு அடிபட்டு வளர்ந்தவர்கள் தம் பிள்ளைகளுடன் அமர்ந்து வாதிட்டனர்.